இரவில் பேட்டரி நின்றுபோகும் மாமரச் சாறோட்டக் கருவிகளைச் சீரமைத்துத் தரக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஆந்திர எல்லையோர மா விவசாயிகள்,
வேப்பனப்பள்ளி சுற்றுவட்டாரம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்.

பொருள்: சாறோட்டச் சென்சார்களுக்குப் புது பேட்டரி வழங்குதல், தவறான கணக்கின்படி குறைத்த சொட்டுநீர் நேரத்தைத் திருத்துதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குப்பம் சாலையோர மேட்டுத் தோட்டங்களைத் தாங்கள் நேரில் அறிவீர்கள். மேலே கொஞ்சம் செம்மண், அடியில் பாறை. அங்கே 10 பெங்களூரா மரங்களில், வேரிலிருந்து மரத்துக்குள் மேலேறும் நீரை, அதாவது சாறோட்டத்தை, அளக்க மரத்துக்கு இரண்டு ஜோடி ஊசி வீதம் பொருத்திய சென்சார்கள் காட்டும் கணக்கை வைத்தே எங்களுக்குச் சொட்டுநீர் நேரம் குறித்துத் தரப்படுகிறது. அந்தக் கணக்கு தவறு என்று முன்பே எழுதினோம். பதில் இல்லாததால் மீண்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. முதல் குறை, இரவில் பேட்டரி நின்றுபோவது. 2 மி.மீ. பருமன், 2 செ.மீ. நீளம் கொண்ட இரண்டு ஊசிகள் 10 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாகச் சாற்றுக்கட்டைக்குள் (பட்டைக்கு உள்ளே சாறு ஏறும் மரப்பகுதி) இருக்கின்றன. மேல் ஊசியில் உள்ள ஹீட்டர் 0.2 வாட்டில் இரவும் பகலும் சூடாகவே இருக்க வேண்டும். சாறு ஓட ஓட அந்தச் சூட்டை இழுத்துச் செல்லும். இரு ஊசிகளின் வெப்ப வித்தியாசம் குறையும். சாறு ஏறத்தாழ நின்றிருக்கும் விடியற்காலையில் வித்தியாசம் உச்சம் தொடும். இந்த ஊசி முறையை உருவாக்கிய பிரெஞ்சு ஆய்வாளர் கிரானியே 1985-இல் தந்த சூத்திரம் அந்த உச்சத்தை அடிப்படையாக வைத்துத்தான் பகல் ஓட்டத்தைக் கணக்கிடுகிறது.

எங்கள் தோட்டத்தில் சரியாக அந்த நேரத்தில்தான் ஹீட்டர் அணைந்து கிடக்கிறது. வெயில் ஏறி மின்சாரம் வரும்போது சாறு ஓடத் தொடங்கிவிடுகிறது. முன்னிரவில் மரம் இன்னும் நீர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பதிவான குறைந்த வித்தியாசத்தையே கணக்குத்தாள் உச்சம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள் ஐயா. உண்மையான உச்சம் 10 டிகிரி, நண்பகல் வித்தியாசம் 8 டிகிரி என்றால், ஒரு சதுர செ.மீ. சாற்றுக்கட்டை வழியே மணிக்கு சுமார் 7.8 மி.லி. ஓடுகிறது. உச்சத்தை 9 டிகிரி என்று எடுத்தால் அதே மரத்துக்கு 3.3 மி.லி. என்று வருகிறது. ஒரே ஒரு டிகிரி! பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மரம் தண்ணீர் குடிக்கவில்லை என்று சொல்லி, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் சொட்டுநீரைக் குறைக்கச் சொல்கிறீர்கள். மரத்தடியில் பிஞ்சு உதிர்ந்து கிடக்கிறது.

20 ஹீட்டருக்கு 4 வாட், நாளொன்றுக்கு 96 வாட்-மணி. மின்னழுத்தத்தை இறக்கும் ரெகுலேட்டர் சூடாகி வீணாக்குவது தனி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் தாங்கும். இப்போது இருப்பது சத்துப் போன பேட்டரி. போதாக்குறைக்கு, சோலார் பலகையின் மேல் மாங்கிளை கவிந்து பிற்பகலிலேயே நிழல் விழுகிறது. புது பேட்டரி கொடுங்கள், பலகையைத் திறந்த வெளிக்கு மாற்றுங்கள். இதுதான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது.

2. ஹீட்டர் அணைந்த நாட்களின் கணக்கை அடித்துவிட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்து சாறு ஏறத்தாழ நின்றுவிடும், மின்சாரம் நிற்காத இரவுகளின் உச்சத்தை மட்டுமே எடுக்க வேண்டும்.

3. ஊசிகளைப் புதிய இடத்தில் பொருத்த வேண்டும். பழைய துளைகளில் பிசின் கட்டிவிட்டது. காயத்தைச் சுற்றிச் சாறு ஓடும் குழாய்கள் அடைபட்டு அளவு குறைத்தே காட்டுகிறது. பழைய துளைக்கு நேர் மேலேயோ கீழேயோ வேண்டாம், பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். பட்டையைச் செதுக்கி, ஊசி முழுவதும் சாற்றுக்கட்டைக்குள் இருக்கும்படி, வெயில் படாத வடக்குப் பக்கமாக. வெளியே தெர்மகோல் வைத்து அலுமினியத் தாள் சுற்ற வேண்டும். இருந்த தாள் கிழிந்து தொங்குகிறது. காலை வெயில் அடிமரத்தைச் சுட்டால் அதையும் சாறோட்டம் என்றே கருவி காட்டும்.

4. ஐயா, கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சரியாக ஓடினால் எங்களுக்குத்தான் நன்மை. ஆனால் கெட்டுப்போன கருவியின் பேச்சைக் கேட்டு நல்ல மரத்தைக் காயப்போடுவது எந்த ஊர் நியாயம்? வந்து பார்க்கக்கூட ஒருவர் இல்லையா? கருவி சீராகும் வரையாவது பழைய சொட்டுநீர் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பேட்டரியை உடனே மாற்றித் தருமாறும், அதுவரை தண்ணீரைக் குறைக்காதிருக்குமாறும் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மா விவசாயிகள்