டைப் 1 சக்கரை இருக்கற புள்ளைங்களோட பெத்தவங்க சங்க ஆண்டறிக்கை (படிச்சுட்டு சந்தாவும் கட்டீருங்க)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த வருசம் கமிட்டி ஆறு வாட்டி கூடுச்சு, அதுல ரெண்டு வாட்டி நானும் பொருளாளரும் மட்டும் டீ குடிச்சுட்டு கலைஞ்சோம். நவம்பர் 14 சர்க்கரை நோய் தினத்துக்கு ஈரோட்டுல முகாம் போட்டோம், கண் டாக்டர் வந்திருந்தாரு.

சனிக்கெழம கூட்டத்தப் பத்திக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லோணும், ஏன்னா அத நான் வீம்புக்கு ஆரம்பிச்சேன்னு ஒரு பேச்சு ஓடுது. டைப் 1 (ஒடம்புல இன்சுலின் சுரக்காம தெனமும் ஊசி போடற சக்கரை நோய்) இருக்கற 13லருந்து 18 வயசுப் புள்ளைங்க மட்டும் உள்ள, பெத்தவங்க வெளிய வேப்பமரத்தடில. மொத ரெண்டு வாரம் அல்லாரும் போனையே நோண்டிட்டு இருந்தாங்க. மூணாவது வாரம் ஒரு பையன், கிளாஸ்ல சக்கரை கொறஞ்சு கை நடுங்குனாலும் பசங்க சிரிப்பாங்கன்னு குளுக்கோஸ எடுக்கறதே இல்லைன்னான். இன்னொருத்தன் சக்கரை அளவு நோட்டுல எழுதறது பாதி பொய்யாமா, 280 வந்தா 140ன்னு போட்டுருவானாம், இல்லீன்னா வீட்டுல அம்மா அழுகுதாம். அது எம் பையன் தானுங்க, அவனே எங்கிட்ட வந்து சொன்னான், எழுதிக்கோங்கன்னும் சொல்லீட்டான். மூணு மாச சராசரி டெஸ்ட் (HbA1c) 10 சதவீதம்னு ரொம்ப அதிகமா வந்தும் நோட்டு முழுக்க 140ன்னு இருந்தப்பவே எனக்கு வெளங்கியிருக்கோணும். இந்த வயசுல ஹார்மோனே சக்கரைய ஏத்தி உடும், ஊசி ஒழுங்கா போட்டாலும் ஏறும், அது தெரியாம நம்ம "என்னத்தத் தின்ன"ன்னு கத்தறோம்.

இப்ப அவங்களுக்குள்ளயே சொல்லிக்கறாங்க. சக்கரை 70க்குக் கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிசம் கழிச்சு திரும்பப் பாரு, ஊசிய ஒரே எடத்துல குத்தாத கட்டி உழுகும், 40 (ஒரு மில்லிக்கு 40 யூனிட்) இன்சுலின் பாட்டிலுக்கு சேப்பு மூடி சிரிஞ்சு தான். நோம்பிக்கு ஒப்புட்டு தின்னா எத்தன யூனிட்டு இன்சுலின்ங்கறதுக்கு ஒரு நாள் பூரா சண்ட.

அப்பாமாரு ஒருத்தரும் வர்றதில்லீங்க. பனியன் கம்பெனி ஷிப்டுங்கறீங்க, சரி, கெடாவெட்டுக்கு மட்டும் லீவு கெடைக்குது. 43 பேர்ல 17 பேர்தான் 600 ரூவா சந்தா கட்டிருக்கீங்க, ஆனா ராத்திரி பத்து மணிக்கு சக்கரை பாக்கற ஸ்ட்ரிப் கேட்டு போன் பண்றது கட்டாதவங்க தான்.

வரவு செலவு கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்குது, கொறஞ்சத நான் கையிலருந்து போட்டுருக்கறேன், பில்லெல்லாம் பொருளாளர் வீட்டு பீரோவுல இருக்குது. எடம் குடுத்த மண்டபத்துக்காரருக்கும் டாக்டருக்கும் நன்றிங்க.

அடுத்த வருசம் நான் நிக்கறதா இல்ல. கரண்ட் போனா இன்சுலின வெக்கறதுக்கு மண்பானை வாங்கிருக்குது, பழைய பிரிட்ஜ் ஒண்ணு யாராச்சும் குடுத்தா யோசிக்கலாம். மண்டபத்துச் சாவி இப்போதைக்கு எங்கிட்டத்தான் இருக்குதுங்க.