கியூஆர் கோடுக்குப் பின்னால் ஒரு கேள்வியை வையுங்கள்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் அறிவியல் பாடநூல் எழுதுவோருக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நீங்கள் எழுதும் புத்தகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன ஜூலையில் எட்டாம் வகுப்பில், நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும் என்று கேட்டேன். "உச்சிவேளை சார், பன்னிரண்டு மணிக்கு. காலடியிலேயே விழுந்திடும்" என்றார்கள், ஒரே குரலில். சரி, பார்த்துவிடலாம் என்று மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். பக்கத்தில் அளவுகோல். என் போனைக் கையில் கொடுத்து, 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் மேகம் கெடுத்தது. மூன்றாம் நாள் வெயில் காய்ந்தது.

படங்களை நேரத்தோடு வரிசைப்படுத்திப் பார்த்தால், 12 மணிக்கு அப்புறமும் நிழல் சுருங்கிக்கொண்டே போகிறது. மிகக் குட்டையானது 12.25 படத்தில். அப்போதும் அது காலடியில் இல்லை. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளத்தில், தெற்கே விழுந்து கிடக்கிறது! "போன்ல மணி தப்பு" என்றான் ஒருவன். தலைமையாசிரியர் அறைக் கடிகாரத்தைப் போய்ப் பார்த்து வந்தார்கள். அப்புறம் ஒரு பெண், சமூக அறிவியலில் படித்த 82½ டிகிரி தீர்க்கக்கோட்டை நினைவுபடுத்தினாள். நாடு முழுக்கக் கடிகாரம் அந்தக் கோட்டின் நேரத்தைத்தான் காட்டுகிறது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர்ப் பக்கம் போகிறது. நம் ஊர் அதற்கு மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டதில் 19 நிமிடம் வந்தது. மீதி ஐந்தாறு நிமிடத்தின் கதையை நான் அவிழ்க்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன். தெற்கே விழுந்த நிழலுக்கு விடை தேட ஒரு டார்ச்சும் பந்தும் இன்னொரு பாடவேளையும் தேவைப்பட்டன.

பி.எட்.டில் நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்த கட்டமைப்புவாதம் இதுதானே? பிள்ளை வெறும் பானை இல்லை, ஏற்கெனவே ஒரு கருத்தோடுதான் வருகிறது. அது உடைகிற இடத்தில்தான் புதியதைக் கட்டிக்கொள்கிறது என்றார் உளவியலாளர் பியாஜே. அந்தக் கட்டுமானம் நாலு பேர் பேச்சில் நடக்கிறது என்றார் இன்னோர் உளவியலாளர் வைகாட்ஸ்கி. இதை மனப்பாடமாக எழுதி நாம் மதிப்பெண் வாங்கியது தனி வேடிக்கை.

2018இல் புதிய புத்தகங்கள் வந்தபோது ஓரத்தில் கியூஆர் கோடு பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நான் ஸ்கேன் செய்தவற்றில் பெரும்பாலும் திறந்தது காணொளி. புத்தகத்தில் இருப்பதையே ஒரு குரல் இன்னொரு முறை சொல்லும். கடைசியில் நாலு கேள்வி. கரும்பலகை கைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். எங்கள் பின்கட்டு வகுப்பறையில் அதுவும் வராது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். குச்சி நிழலுக்கோ இணையமே வேண்டியிருக்கவில்லை. கேமரா, நிறுத்தற்கடிகாரம், குரல்பதிவு, திசைகாட்டி என்று ஒரு சிறிய ஆய்வகத்தையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதில் படம் பார்க்க வைக்கிறோம்.

ஜெனீவாவில் பியாஜேயோடு வேலை பார்த்த கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட் 1980இலேயே இதைக் கேட்டுவிட்டார்: கணினி பிள்ளையை ஆட்டுவிப்பதா, பிள்ளை கணினியை ஆட்டுவிப்பதா? உங்களுக்கும் இது புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் பிள்ளை தானே எடுத்துச் செய்யும் பாட அட்டையும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படமும் இருந்தன, பிள்ளைகள் எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தது, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் இருந்தது. அதன் குறைகள் எனக்கும் தெரியும், அட்டையைத் தேடியே பாதி நேரம் போகும். ஆனாலும் பிள்ளை செய்தது கண்ணில் பட்டது. காணொளியில் அது எங்கே?

ஆளுக்கொரு கருவி கேட்டு இதை எழுதவில்லை. மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. 27 பிள்ளைகளுக்கு என் ஒரு போன் போதுமாக இருந்தது. ஒன்றே இருந்ததால்தான் சண்டை போட்டு, பேசி, முறை வைத்து அளந்தார்கள். ஆனால் பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர், பிள்ளை கையில் ஆசிரியர் போன் எதற்கு என்று என்னைக் கடிந்துவிட்டுப் போனார். புத்தகத்திலேயே "ஆசிரியரின் போனில் படம் எடுத்து அளந்து பார்" என்று ஒரு வரி அச்சாகியிருந்தால் நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருப்பேன். அந்த வரியைத்தான் கேட்கிறேன். கியூஆர் கோடைத் திறந்தால் ஒரு கேள்வி மட்டும் வரட்டும், பாடத்துக்கு ஒன்றாவது.

இன்னொன்று. சென்னையிலும் இதே நேரத்தில்தான் நிழல் குட்டையாகுமா என்பதில் என் வகுப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கல்லூரிச் சாலையில் உங்கள் வளாகத்தில் ஒரு மீட்டர் குச்சி நட இடமிருக்கும். வருகிற ஜூலையில் ஒரு நாள், 12 மணியிலிருந்து 12.40 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள், படம் போதும்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்