பென்சிலில் எழுதிய ஒரு வரிக்கு நன்றி

நீர்வடிப்பகுதிக் குழுவினருக்கும் கிணற்றுக்காரர்களுக்கும் வணக்கம்.

தடுப்பணையால் நம் நீர்வடிப்பகுதியில், அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலப்பரப்பில், என்ன மாறியது என்ற மதிப்பீட்டு அறிக்கை நேற்று ஏற்கப்பட்டது. அணை கட்டியும் கிணற்று மட்டம் இறங்கிவிட்டது என்று போன கூட்டத்தில் எழுந்த பேச்சை மறுபடி கிளற வேண்டாம். எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

முதல் நன்றி நீர்மட்ட நோட்டு எழுதிய அக்காவுக்கு. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாரே, "கைப்பிடிச் சுவர் 40 செ.மீ. உயர்த்தியாச்சு" என்று, அந்த ஒரு வரிக்கு.

கிணற்றில் தண்ணீர் இருக்கும் ஆழத்தைச் சுவர் விளிம்பிலிருந்துதான் அளக்கிறோம். விளிம்பு 40 செ.மீ. ஏறினால், தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் டேப்பில் 40 செ.மீ. கூடத்தான் காட்டும். தடுப்பணைக்குக் கீழே நாம் நம்பியிருந்த கிணறு அது ஒன்றுதான். அணை கட்டியும் மட்டம் இறங்கிவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது இப்படித்தான். அந்தத் தேதிக்குப் பிந்தைய அளவுகளில் 40 செ.மீ. கழித்ததும் கோடு மேலே திரும்பியது. உடனே துள்ளிக் குதிக்கவில்லை. வேலை நடக்காத பக்கத்து நீர்வடிப்பகுதிக் கிணறுகளோடு மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டு, மழையின் பங்கை ஒதுக்கிய பிறகும் கொஞ்சம் ஏற்றம் மிச்சம் நின்றது. கொஞ்சம்தான்.

"மோட்டார் ஓடுது" என்றும் சில நாட்களில் குறித்திருக்கிறார். இறைக்கும்போது எடுத்த அளவு நிலத்தடி நீரின் மட்டமே அல்ல. அவற்றை நீக்க முடிந்ததும் அவரால்தான்.

ஓடையில் நீரோட்டத்தை அளக்க வைத்த 'வி' வெட்டுத் தடுப்புக்குப் பின்னால் வண்டல் வாரியவர்களுக்கும், கூட்டக் குறிப்பில் வந்தவர் பெயரோடு பேசியவர் பெயரையும் எழுதியவருக்கும் நன்றி. அந்த 'வி' வெட்டில் நீர் உயரத்தை 5 சதவீதம் தப்பாகப் படித்தால் ஓட்டக் கணக்கு ஏறக்குறைய 13 சதவீதம் தப்பும். வண்டல் சேர்ந்தால் உயரமே குறைத்துக் காட்டும்.

குழுவை விட்டு விலகிய பிறகும் பேச வந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கூட்ட நேரம் மேய்ச்சல்காரர்களுக்குத் தோதில்லை, மேட்டுநிலத்தார் கேட்ட இடத்தில் வேலை நடக்கவில்லை என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்காது. அதில் கையெழுத்துதான் இருக்கும். கசப்பானவை என்றாலும் இரண்டும் அறிக்கையில் அப்படியே இருக்கின்றன.

இனி ஒவ்வொரு கிணற்றிலும் அளக்கும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் குறி இருக்கும். அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். சுவரில் கைவைத்தால், வேலைக்கு முன்னும் பின்னும் தரையிலிருந்து குறியின் உயரத்தை அளந்து எழுதிவிடுவோம்.

நோட்டுக்கு அட்டை ஒட்டி அனுப்புகிறோம், அக்கா. கடைசியில் இன்னும் பத்துப் பக்கம் எழுதாமல் இருக்கிறது.