கார்ப் பந்தயம் கடலோர வீதியில் வேண்டாம், சீனக்குடாவில் நடத்தலாம்

ஆசிரியருக்கு,

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார்ப் பந்தயம் நடந்ததிலிருந்து, "திருகோணமலையிலும் கடலோரமாக ஒன்று வைக்கலாமே" என்ற பேச்சு இங்குள்ள இளைஞர்களிடையே ஓயவில்லை. ஆசை நல்லதுதான். ஆனால் ஒரு நகரம் வீதிப் பந்தயத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கும்போது கடலையும் மலையையும் பார்ப்பதில்லை. பாதை சுற்றி வளைக்கும் நிலத்துக்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன? கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கத் தட்டையான வெளி உண்டா? பாதையைக் குறுக்கறுக்காமல் வைத்தியசாலைக்குப் போகலாமா? இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

சென்னைப் பாதை 3.5 கிலோமீற்றர். அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று அது போனாலும் நடுவில் கிடப்பது பெரும்பாலும் பொருட்காட்சித் திடல். சிங்கப்பூரில் வீதிப் பந்தயம் நடக்கும் மரினா பே, கடலை நிரப்பி எடுத்த நிலம். கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கட்டடம் அங்கே நிரந்தரமாகவே நிற்கிறது. அசர்பைஜானின் பாகுவில் பழைய கோட்டை மதிலோரம் பாதை 7.6 மீற்றராக ஒடுங்குகிறது, உண்மைதான். ஆனால் அதே பாதையில் கடலோரமாக 2 கிலோமீற்றருக்கு மேல் அகன்ற நேர்வழி இருக்கிறது. 1954 முதல் பந்தயம் நடக்கும் மக்காவில் கொண்டையூசி போல் மடங்கித் திரும்பும் மெல்கோ வளைவின் அகலம் வெறும் 7 மீற்றர். அங்கே முந்தவே கூடாது, எந்நேரமும் மஞ்சள் கொடி. ஒடுங்கிய இடம் ஒன்றிரண்டு இருந்தால் இப்படிச் சமாளிக்கலாம், பாதை முழுவதும் அப்படியே இருந்தால் முடியாது. புதிய நிரந்தரப் பாதைகளுக்கு சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் கேட்பது குறைந்தது 12 மீற்றர், தொடக்கக் கோட்டில் 15 மீற்றர். வீதிப் பாதைக்கு விட்டுக்கொடுப்பார்கள், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

நமது நகரம் உட்துறைமுகத்துக்கும் வெளிக்கடலுக்கும் இடையில் கழுத்துப் போல ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்தை அடைத்தால் பிரெட்ரிக் கோட்டை வாசலும் அடைபடும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி அதுதான். உட்துறைமுக வீதியை அடைத்தால் நகரின் பாதி வாகனம் எங்கே போகும்? வீதிகள் பெரும்பாலும் போக ஒரு நிரலும் வர ஒரு நிரலும் மட்டுமே கொண்டவை. இரு பக்கமும் பாதுகாப்புச் சுவராக, அடியில் 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள கொங்கிரீட் கட்டைகளை வைத்தால் அதில் 1.2 மீற்றர் போய்விடும். ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டால் இழுக்க வரும் கிரேனும் உள்ளே நுழைய முடியாது.

அந்தக் கட்டைகளின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 4 மீற்றர் நீளம், 1 மீற்றர் உயரம், சராசரி 40 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் ஒன்று ஏறத்தாழ 3.8 தொன். 3 கிலோமீற்றர் பாதைக்கு இரு புறமும் சேர்த்து 1,500 கட்டைகள், அதாவது 5,700 தொன். ஒரு லொறியில் ஐந்து கட்டைகள் ஏற்றினால் 300 நடை. அடுக்குவதிலும் கவனம் வேண்டும். கார் ஓடும் திசையில் ஒரு கட்டையின் முகம் முந்திய கட்டையை விட ஒரு விரல் அளவுகூட வெளியே தள்ளி நிற்கக்கூடாது. மட்டமான சுவரில் உராயும் கார் வழுக்கிக்கொண்டே போய் வேகம் குறையும். தள்ளி நிற்கும் விளிம்பில் பட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓட்டுநரின் உடம்பு அதைத் தாங்காது. கட்டைகளை இரும்புப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது வீதியில் உள்ள வடிகான், குழாய் மூடிகள். 2019 இல் பாகுவில் ஜோர்ஜ் ரசலின் கார் வடிகான் மூடியில் அடிபட்டு உடைந்தது. 2023 இல் லாஸ் வேகாஸில் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் கார்லோஸ் சைன்ஸின் பெராரி கார் நீர்க்குழாய் மூடியொன்றில் மோதியது. தரையோடு ஒட்டி ஓடும் பந்தயக் காரின் அடியில் காற்றழுத்தம் குறைவதால் மூடி மேலே இழுபடும். சாதாரண சலூன் காருக்கு அந்த இழுவை இல்லை, ஆனால் வேறு ஆபத்து உண்டு: முன் சில்லு மூடியின் ஓரத்தில் ஏறினால் மறு ஓரம் கிளம்பும், பின் சில்லு அதில் அடிபடும். நமது வீதியோரக் கான்களின் மேல் வெறுமனே போட்டிருக்கும் கொங்கிரீட் பலகைகள் பாரம் ஏற்றிய ரிப்பர் லொறி போனாலே ஆடுகின்றன. இரும்பு மூடிகளைக் குறைந்தது நான்கு இடத்தில் உருக்கி ஒட்டவைக்க வேண்டும், பலகைகளை மாற்றியே ஆக வேண்டும். வேகத்தடைகளைச் செதுக்கி, வீதியில் பதித்த ஒளிதெறிப்பான்களைப் பிடுங்கி, பஸ் நிற்கும் இடங்களில் ஊறிய எண்ணெயைக் கழுவ வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் நாள் முழுவதும் வந்து படியும். கோட்டை மான்கள் இரவில் நகர வீதியில் படுத்துக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். எந்த வேலி அடித்தாலும் அவற்றின் நடமாட்டத்தைக் கெடுக்காமல் அடிக்க முடியாது.

பார்வையாளர் பாதுகாப்பில் விளையாட்டே வேண்டாம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதை விலகிய கார் கூட்டத்துக்குள் புகுந்து 7 உயிர்கள் போயின. மணிக்கு 120 கிலோமீற்றரில் வரும் கார் நல்ல தாரில் முழுப் பிரேக்கில் நிற்க ஏறத்தாழ 70 மீற்றர் வேண்டும். புல்லில் சறுக்கினால் 190 மீற்றரும் போகும். ஆகவே வளைவின் வெளிப்புறத்திலும், வளைவு முடிந்து கார் வேகமெடுக்கும் இடத்திலும் ஒருவரும் நிற்கக்கூடாது, கயிறு கட்டினாலும்கூட.

நாட்டுக்குள் வீதிப் பந்தயத்துக்கு ஏற்ற இடம் கேட்டால் கொழும்புத் துறைமுக நகரைச் சொல்லலாம். 269 ஹெக்டேயர் நிரப்பு நிலம், புது வீதிகள், வெளியேற்ற வேண்டிய பழைய குடியிருப்பு எதுவும் இல்லை. அம்பாந்தோட்டையில் வீதிகள் அகலம், நெரிசல் குறைவு. ஆனால் பார்க்க வருகிறவர்கள் தொலைவிலிருந்து வர வேண்டும்.

திருகோணமலைக்குச் சீனக்குடா விமானத் தளம் பொருந்தும். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்திருக்கின்றன; அதே முறையில் விமானப் படையிடம் ஒரு நாள் கேட்கலாம். ஒன்றாக ஓடவிட வேண்டாம், ஒவ்வொரு காராக நேரம் கணித்து விடலாம். 1.5 கிலோமீற்றர் போதும். நேர்வழியில் 250 மீற்றருக்கு ஒரு முறை ரயர் அடுக்கி வளைந்து போக வைத்தால் வேகம் எல்லை மீறாது. ரயர்களை ஆணி பூட்டி ஒன்றோடொன்று இறுக்க வேண்டும், தனி ரயர் உருண்டு போகும். ஓடுபாதை ஓரத்து விளக்குகளிலிருந்து 3 மீற்றர் உள்ளே கூம்புகளை வைக்க வேண்டும். மழைநீர் வடிய ஓடுபாதை இரு பக்கமும் சரிந்திருக்கும். திரும்பும் இடத்தில் அந்தச் சரிவு காரை வெளியே தள்ளும் என்பதை ஓட்டுநர்களுக்கு முதலே சொல்ல வேண்டும். கொடி காட்டுபவர் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் கண்ணில் பட வேண்டும். அம்புலன்ஸ் இரண்டு வேண்டும். ஒன்று வைத்தியசாலைக்குப் போய்விட்டால் அது திரும்பும்வரை ஓட்டம் நிற்க வேண்டும்.

நாள் பெப்ரவரி அல்லது மார்ச், சிவராத்திரியும் பங்குனி உத்தரமும் வரும் கிழமைகளை விட்டு. காலை 6.30க்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்தால் தார் கொதிப்பதற்குள் ரயர்கள் தப்பும். கடைசிக் கார் போனபின் முப்பது பேர் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் வரிசையாக நின்று ஓடுபாதை முழுவதும் நடந்து, ஆணி, கல், ரயர்த் துண்டு எல்லாவற்றையும் கையால் பொறுக்க வேண்டும். அடுத்து அங்கே இறங்கப் போவது விமானம்.

மோட்டார் பந்தய ஆர்வலர்,
உப்புவெளி, திருகோணமலை