எஞ்சின் நம்பரைக் குனிந்து பாருங்கள்

மாவட்டக் காவல்துறைத் தலைவர் அவர்களுக்கும், காப்புறுதி நிறுவனங்களில் மோட்டார் இழப்பீட்டைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் பட்டணத்தில் ரோட் பிளாக் போட்டால் நம்பர் பிளேட், லைசென்ஸ், ரோட் டேக்ஸ் மூன்றையும் பார்க்கிறீர்கள். களவு போன மோட்டார் சைக்கிள் இந்த மூன்றில் சிக்குவது அபூர்வம். அது முழு வண்டியாக ரோட்டுக்கு வருவதில்லை. இன்னொருவருடைய ஒழுங்கான கிராண்ட் (பதிவுச் சான்று) உள்ள வண்டிக்குள் எஞ்சினாக உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறது.

கப்சாய் என்கிற சின்ன மோட்டாரின் எஞ்சினைச் சேசிஸோடு, அதாவது வண்டிச் சட்டகத்தோடு, பிடித்திருப்பது இரண்டு நீள போல்ட்டுகள். செயின், சைலன்சர், கார்புரேட்டர், கியர் பெடல், வயர் சாக்கெட் கழன்றுவிட்டால் கையாலேயே தூக்கிவிடலாம். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. யமஹா ஒய்15 போன்ற 150 சிசி வண்டியில் வேலை கூடுதல், ஆதாயமும் கூடுதல். காவர் செட், ரிம், முன் போர்க், ஸ்விங் ஆர்ம், மீட்டர் எல்லாம் தனித்தனியாக விலை போகும். கிராண்டோடு ஒப்பிட அவற்றில் எந்த எண்ணும் கிடையாது. எண் இருப்பது எஞ்சினிலும் சேசிஸிலும் மட்டும். சேசிஸை யாரும் வாங்க மாட்டார்கள். அது செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில், வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்கு அடியில் போய்விடும்.

ஆகவே ரோட் பிளாக்கில் பத்து மோட்டாரில் ஒன்றையாவது ஓரங்கட்டி எஞ்சின் நம்பரைப் பாருங்கள். பெரும்பாலான கப்சாய்களில் அது இடப்பக்கக் கிராங்க்கேஸின் (எஞ்சின் கூட்டின்) கீழ்ப்பகுதியில் இருக்கும். தோட்டத்து வண்டி என்றால் சேறும் எண்ணெயும் அப்பியிருக்கும். கம்பிப் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், டார்ச், ஒரு துண்டுச் சாக்கட்டி இருந்தால் போதும். துடைத்து, சாக்கட்டியைப் படுக்க வைத்துத் தேய்த்தால் குழிவான எழுத்துகள் தனியாகத் தெரியும். ஓர் இலக்கம் மட்டும் ஆழமாகவோ சாய்ந்தோ நின்றாலும், அரம் ராவிய கோடுகள் தெரிந்தாலும், அந்த இடம் மட்டும் புதிதாக மினுங்கினாலும் சந்தேகப்படுங்கள். எண் சுத்தமாக இருந்து கிராண்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். நியாயமாக மாற்றியவரிடம் அந்தத் தாள் இருக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவு முழு வண்டியை மட்டும் சொல்லவில்லை. வண்டியின் பாகத்தைத் திருடினாலும் 1 முதல் 7 ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவதற்கு 411ஆம் பிரிவு இருக்கிறது. காவர் செட்டைக் கால் விலைக்கு வாங்கிவிட்டு ‘எனக்குத் தெரியாது’ என்பவரைப் பட்டறைக்காரர்களான நாங்களே நம்ப மாட்டோம். பெசி புரோக் (பழைய இரும்பு) கடைகளுக்கு 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அந்தக் கடைகளின் கொள்முதல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ‘பழைய எஞ்சின் 3’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது பதிவே அல்ல. ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் நம்பரும், விற்றவரின் அடையாள அட்டை எண்ணும் வேண்டும்.

காப்புறுதி அதிகாரிகளுக்கு: பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் வைத்திருப்பவர் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் எடுத்திருப்பார். வண்டி திருடு போனால் அவருக்கு ஒரு சென்னும் வராது. பொய் ரிப்போர்ட் அங்கே பிறப்பதில்லை. கடனில் எடுத்து, திருட்டுக்கும் காப்பு உள்ள வண்டியில்தான் பிறக்கிறது. வாடகைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் இரண்டு தவணை தொடர்ந்து தவறினாலே வண்டியை இழுக்கும் நோட்டீஸ் வரலாம். அந்த நேரம் பார்த்து வண்டி ‘காணாமல்’ போகும். எஞ்சினை உரிமையாளரே கைமாற்றியிருப்பார்.

இரண்டு சாவியையும் கேளுங்கள். தினமும் ஓட்டிய சாவியின் பல் மழுங்கியிருக்கும், மாற்றுச் சாவி கூர்மையாக இருக்கும். இரண்டுமே நேற்று வெட்டியதுபோல இருந்தால் பழைய சாவி யார் கையில்? கண்டெடுத்த சேசிஸின் கழுத்தையும் பாருங்கள். ஹேண்டிலை மிதித்து லாக்கை உடைத்திருந்தால் லாக்கின் நாக்கு வளைந்திருக்கும், கூடு விரிசல் விட்டிருக்கும். லாக் போட்டிருந்தேன் என்று உரிமையாளர் சொல்ல, கழுத்தில் கீறல்கூட இல்லையென்றால் இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆனால் வேனில் தூக்கிப் போட்டுக் கொண்டு போனாலும் லாக் உடையாது. இந்த ஒன்றை வைத்தே நேர்மையானவரின் இழப்பீட்டை மறுத்துவிடாதீர்கள்.

அந்தச் சேசிஸ் உங்கள் கைக்கு வந்தால்தானே இதெல்லாம்? செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை அதே வரிசைக்குத் திரும்புகிறார்கள். மட்டைக்கு அடியில் கிடப்பதை முதலில் காண்பது அவர்கள்தான். பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போனால் ஒரு நாள் சம்பளம் போகும், ‘நீயா போட்டாய்’ என்ற கேள்வியும் வரும், வெளிநாட்டுக்காரர் என்றால் பெர்மிட் பயம் வேறு. அதனால் பேசாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்கள். கண்டவர் மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொல்ல, மண்டோர் சேசிஸை நகர்த்தாமல் எண்ணைப் படம் பிடித்து ஆபீஸ் கிராணி (எழுத்தர்) வழியாக அனுப்ப, உங்கள் பக்கம் ஒரே ஓர் அதிகாரி அதைப் பெற்றுக்கொள்ளட்டும். கண்டவரின் பெயரைக் கேட்க வேண்டாம். எந்த மாடலில் எண் எங்கே இருக்கிறது என்று காட்ட, பிரஷ்ஷும் சாக்கட்டியுமாக நாங்கள் எந்தச் சனிக்கிழமையும் வரத் தயார்.

இப்படிக்கு,
பேராக் தோட்டப் பட்டணம் ஒன்றின் மோட்டார் பட்டறைக்காரர்கள்