பார்த்ததே தப்புதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயாளியின் ரகசியம் பற்றிப் பேசுகிறவர்கள், ஒரு நர்ஸே நோயாளியாகி, தான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே படுத்தால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. எனக்கு ஆனது. டிஸ்சார்ஜ் ஆகி ட்யூட்டிக்குத் திரும்பிய முதல் நாளே, வேறு மாடியில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் என் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்ததை என்னிடமே விசாரித்தார், பாசமாகத்தான். என் அம்மாவுக்குக்கூட நான் அதை அப்போது சொல்லியிருக்கவில்லை.

"அக்கறையில்தானே கேட்டோம்" என்பார்கள். சரி, அக்கறை இருந்தால் என்னிடம் கேட்டிருக்கலாமே, கேஸ் ஷீட்டை ஏன் புரட்ட வேண்டும்? சிகிச்சையில் பங்கில்லாதவர் வெறும் ஆசைக்கு அதைத் திறந்து பார்த்தாலே மீறல்தான், அப்புறம் வாயே திறக்காவிட்டாலும். "பேரைச் சொல்லவில்லையே" என்பது இன்னொரு சமாதானம். பத்துப் பேர் வேலை பார்க்கும் வார்டில் "போன மாசம் லீவு போட்டாங்களே, அவங்க" என்றால் போதாதா?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நானே டீ குடிக்கும்போது தோழியிடம் சொல்லி அவள் பரப்பியிருந்தால், அது நட்பில் நடந்த துரோகம், ரகசிய விதியில் வராது. ரிப்போர்ட்டிலிருந்து கசிந்தது வேறு. மேலே இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "பொம்பளைங்க பேச்சு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல்.

விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழி 1893இல் எழுதப்பட்டது (எழுதியது நைட்டிங்கேல் இல்லை, அமெரிக்காவில் நர்ஸாக இருந்த லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு). வேலையில் தெரியவரும் சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் வெளியே விடமாட்டேன் என்று அதிலேயே இருக்கிறது. உடன் வேலை செய்பவர் மட்டும் விலக்கு என்று எங்கும் இல்லை.

வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கச் சொல்லவில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் பேசித்தான் ஆக வேண்டும். மோசமான ஒரு ஷிஃப்ட்டுக்குப் பிறகு யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கமும் வராது, ஆனால் கொட்ட வேண்டியது நம் மனதில் இருப்பதை, நோயாளியின் அடையாளத்தை அல்ல. கம்ப்யூட்டர் பதிவு உள்ள இடங்களில் யாருடைய லாகினில் எந்த ஃபைல் எப்போது திறந்தது என்பது பதிவாகும்படி செய்யலாம். ஊழியர் யாராவது அட்மிட் ஆனால், அவர் ஃபைலை யார் யார் திறந்தார்கள் என்பதை, புகாருக்குக் காத்திருக்காமல் நிர்வாகமே எடுத்துப் பார்க்கட்டும்.

நான் புகார் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த சிஸ்டரோடுதான் எனக்கு நைட் ட்யூட்டி.

இப்படிக்கு,
ஒரு நர்ஸ் (பெயர் போட வேண்டாம், காரணம் புரியும்)