பெட்டிமேல் வரைந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில், விளையாட்டுத் தயாரிப்பில் ஏஐ ஓவியம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. செலவு பாதியாகக் குறையும், இனி சின்ன ஊர்க்காரர்களும் கேம் செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். சின்ன ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கும் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது. ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வயது 56. தொழில் போர்டு எழுதுவது. எழுதிக்கொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி.

சுண்ணாம்பு தடவிய நூலைச் சுவரில் சுண்டிக் கோடு போட்டு, எனாமல் பெயிண்டில் மளிகைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் பெயர் எழுதிய கை இது. ஃப்ளெக்ஸ் வந்தது, சுவர் போனது. பிறகு பள்ளிக்கூடங்களில் திருவள்ளுவரும் சோலார் சிஸ்டமும் வரைந்து காலம் தள்ளினேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கொட்டகைக் கூரையோடு என் பிரஷ், ஸ்டென்சில் எல்லாம் பறந்துவிட்டன. புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் அக்கா மகன்தான் தான் பழசாக்கிய டேப்லெட் ஒன்றைக் கொடுத்து, "மாமா, இதுல வரைங்க, பெயிண்ட் செலவே இல்ல" என்று பழக்கிவிட்டான். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது. ஆகவே, புதுசு எது வந்தாலும் திட்டுகிற கிழவன் என்று என்னை ஒதுக்கிவிட வேண்டாம்.

அவன் மூலமாகத்தான் ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. பெயர் சொல்லப் போவதில்லை. தாயக்கட்டை உருட்டி ஆடுகிற அட்டை விளையாட்டு. புதுச்சேரியில் கிளம்பி கடலூர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று கடலோரமாகவே நாகூர் வரை போக வேண்டும். மொத்தம் 24 அட்டை. அட்டைக்கு 1,200 ரூபாய் பேச்சு.

அதில் ஒன்று கட்டுமரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தேவனாம்பட்டினத்துக்கு மூன்று நாள் நடந்தேன். சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகுதான், கட்டுமரம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வீட்டுப் பின்னால் அவிழ்த்துப் போட்ட கட்டைகளைப் பார்த்தேன். "சும்மா பாத்து வரைய முடியாது தம்பி, கட்டிப் பாத்தாதான் புரியும்" என்று சொல்லி, கட்டைகளை மணலில் வரிசையாக அடுக்கிக் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். ஆணி என்பதே கிடையாது. முன்பக்கம் கட்டைகள் கூம்பி மேலே தூக்கி நிற்கும். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நீர் கோத்துக் கனத்துப்போகும். கயிறு எந்த இடத்தில் கட்டைக்கு மேலே வருகிறது, எந்த இடத்தில் அடியில் நுழைகிறது என்பதை வரைந்து முடிக்க மட்டும் எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த அட்டையைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கயிற்றின் ஒரு சுற்றை விரலால் தொட்டு, "இங்க ஒண்ணு விட்டுட்டியே" என்றார். திருத்திக்கொண்டேன்.

ஒன்பது அட்டை முடித்திருந்தபோது போன் வந்தது. "அண்ணே, மீதி பதினஞ்சையும் நாங்களே ஏஐல எடுத்துட்டோம். நீங்க கொஞ்சம் டச்சப் பண்ணிக் குடுத்தா போதும்." டச்சப்புக்கு அட்டை ஒன்றுக்கு 150 ரூபாய். மற்ற படங்களோடு ஒத்துப்போகவில்லை என்று என் கட்டுமரத்தையும் எடுத்துவிட்டு, அதற்கும் ஏஐ படமே வைத்திருந்தார்கள்.

அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, இரட்டை அடிப்பாகமும் கண்ணாடி அறையும் வைத்த ஒரு பணக்காரச் சொகுசுப் படகு. மேலே வேட்டி கட்டிய ஒருவர் துடுப்புப் போடுகிறார், துடுப்பு அவர் முழங்காலைத் துளைத்துக்கொண்டு போகிறது. என்ன நடந்திருக்கும் என்று அக்கா மகன்தான் விளக்கினான். கம்பெனிப் பையன் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று தட்டியிருக்கிறான். அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். போன இடத்தில் அதற்கு இரட்டை அடிப்படகு என்று அர்த்தம் மாறிவிட்டது. மிஷினுக்குத் தெரிந்தது அந்த அர்த்தம்தான். நம் வார்த்தை கப்பலேறிப் போய், சொகுசுப் படகாகத் தேவனாம்பட்டினத்துக்கே திரும்பி வந்திருக்கிறது! "தம்பி, படகையே மாத்தணுமே" என்று கம்பெனிப் பையனிடம் சொன்னேன். "கஸ்டமருக்குத் தெரியாதுண்ணே, அந்த முட்டிய மட்டும் சரி பண்ணிடுங்க" என்றான். முட்டியைச் சரி செய்து கொடுத்தேன்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். பிச்சாவரம் அட்டையில் சுரபுன்னை வேர்களுக்குக் கீழே, வலது மூலையில், ஒரு கிறுக்கல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கையெழுத்து மாதிரி. எழுத்து எதுவும் படிக்க வரவில்லை, ஆனால் ஓவியர்கள் கையெழுத்துப் போடுகிற இடம், அதே சாய்வு, அடியில் ஒரு கோடு. இது எல்லா இடத்திலும் நடப்பதுதானாம். கற்றுக்கொண்ட படங்களில் மூலைக்கு மூலை கையெழுத்து இருந்ததால், படம் என்றால் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று மிஷினும் கிறுக்கி வைக்கிறது. யாரோ ஒருவருடையது என்று சொல்ல முடியாது, பலருடையதும் கலந்த கூழ். "அத அழிச்சிடுங்கண்ணே" என்றார்கள். அழித்தேன். 150 ரூபாய்.

இப்போது கட்டுரையாளர் சொன்னதற்கு வருகிறேன். ஓவியர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தவர்கள்தானே, மிஷின் செய்தால் மட்டும் திருட்டா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், நழுவ மாட்டேன். கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் முருகனைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி எத்தனை கடைச் சுவரில் வரைந்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆனால் யாராவது கேட்டால் "கொண்டையராஜு படம்" என்று சொல்லுவோம். அந்தப் பெயரைச் சொல்வது எங்களுக்கே கௌரவம். என் குருவும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

இங்கே நடப்பது நேர்மாறு. போலந்து நாட்டில் கிரெக் ருட்கோவ்ஸ்கி என்று ஓர் ஓவியர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜிக் த கேதரிங் போன்ற விளையாட்டுகளுக்கு டிராகனும் கோட்டையுமாக வரைந்தவர். 2022ஆம் ஆண்டில் ஏஐ படம் எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் அவர் பெயரைக் கட்டளையில் சேர்த்தே தட்டினார்கள். குழம்புக்கு மசாலா போடுவது போல, படம் நன்றாக வர அந்தப் பெயர். வந்த படத்தில் அவர் பெயர் இருக்காது. உள்ளே போட மட்டும் பெயர் வேண்டும், வெளியே போட வேண்டாமா?

மேஜிக் விளையாட்டுக்கு வரைந்த கார்லா ஓர்டிஸ் உள்ளிட்ட மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் அமெரிக்காவில், ஏஐ படம் எடுக்கிற மிஷின்களைச் செய்கிற ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி கம்பெனிகள்மீது வழக்குப் போட்டார்கள். முக்கியமான பதிப்புரிமைப் புகார்களை மேற்கொண்டு விசாரிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அனுமதித்தார். பெரிய கம்பெனிகளும் இதில் நெளிகின்றன. மேஜிக் விளையாட்டின் சொந்தக்காரர்களான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 2024 ஜனவரியில் ஒரு விளம்பரப் படத்தை மனிதர் வரைந்ததுதான் என்று முதலில் அடித்துச் சொன்னார்கள். ரசிகர்கள் விடவில்லை. சில நாளில், ஏஐ சமாச்சாரம் உள்ளே வந்துவிட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கால் ஆஃப் டூட்டி என்ற வீடியோ கேமில் ஆறு விரலோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மானம் போன கதையை அக்கா மகன் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

அவன் கம்ப்யூட்டர் கேம் வாங்குகிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2024 ஜனவரியிலிருந்து ஒரு விதி இருக்கிறது. ஏஐ பயன்படுத்தியிருந்தால் தயாரித்தவர் சொல்லிவிட வேண்டும், அது வாங்குகிறவர் பார்க்கிற பக்கத்திலேயே இருக்கும். படித்துவிட்டு வாங்குவதும் வாங்காததும் அவரவர் இஷ்டம். நான் கேட்பதும் இவ்வளவுதான். ஏஐயைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. கையில் காசில்லாமல் தனியாக உட்கார்ந்து கேம் செய்கிற பையன் ஏஐ படம் வைத்தால் எனக்குக் கோபம் வராது. சொல்லிவிட்டு வைக்கட்டும்.

நான் முட்டி திருத்திய விளையாட்டு இப்போது கடைக்கு வந்துவிட்டது. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் பார்த்தேன், விலை 799. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி, புகார் சொல்ல நம்பர், எல்லாம் சட்டப்படி இருக்கின்றன. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறது. பெயிண்டில் விஷம் இல்லை என்று அரசாங்கம் உறுதி சொல்கிறது. வரைந்தது யார் என்று ஒரு வரி கிடையாது. என் எட்டு அட்டைகளுக்கும் கிடையாது, மிஷினின் பதினாறுக்கும் கிடையாது. அத்தனை விவரம் அச்சடிக்கிற இடத்தில் 'ஓவியம்: இன்னார்' அல்லது 'ஓவியம்: ஏஐ' என்று இன்னொரு வரிக்கு மை தீர்ந்துவிடுமா?

அந்த ஒரு வரி கம்பெனிக்கும் நல்லதுதான் என்று தோன்றுகிறது. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ கண்காட்சியில் ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னியில் எடுத்த படத்துக்கு முதல் பரிசு வாங்கினார். அவரே மேசை விளையாட்டுத் தொழிலில் இருப்பவர். அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை கேட்டபோது, மனிதர் வரையாததற்குத் தர முடியாது என்று 2023இல் அங்கே பதிப்புரிமை அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். நாளைக்கு எவனாவது அந்தச் சொகுசுப் படகு அட்டையை அப்படியே அச்சடித்து 200 ரூபாய்க்கு விற்றால், "எங்கள் ஓவியம்" என்று சொல்ல இவர்களிடம் ஆள் வேண்டுமே.

நம் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. ஏஐ கம்பெனிகள் படைப்புகளை அனுமதி கேட்காமலே எடுத்துக் கற்கலாம், ஆனால் படைத்தவர்களுக்கு ராயல்டி கொடுக்க வேண்டும் என்று. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ராயல்டி எந்த முகவரிக்கு வரும்? பெயரே போடாத அட்டைக்கு, கையெழுத்தே இல்லாத சுவருக்கு, நான் அழித்த அந்தக் கிறுக்கலுக்கு யார் பங்கு பிரிப்பார்கள்? ராயல்டி பேசுவதற்கு முன்பே பெட்டிமேல் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்கலாம். பாக்கெட் பொருள் விதிகளில் ஒரு திருத்தம் போதும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் அமெரிக்கக் கதைகளை வெட்டிக்கொள்ளுங்கள், கட்டுமரத்தை வெட்ட வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். இதைப் பிரசுரித்தால் என் பெயரைப் போட வேண்டாம். பெயர் போடச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தன் பெயரை மறைக்கிறானே என்று சிரிப்பீர்கள். என்ன செய்ய, அந்தக் கம்பெனியிடமிருந்து இரண்டாம் தவணை 6,400 ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.